முட்டைக்குக் காவல்

முட்டை பாக்கத்தான சார் வந்தீங்க? பையைப் பாத்தாலே தெரியுது, சுத்தியல் பிடி வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு. உக்காருங்க. அந்தச் சேரு கால் ஆடும், இதுல உக்காருங்க. ஆபீஸ்லேருந்து போன் வராம உங்களை உள்ள வுட எனக்கு அதிகாரம் இல்ல, தப்பா நெனைக்காதீங்க. மேனேஜர் மீட்டிங்ல இருக்காரு. வெளிய வர ஒரு மணி நேரம் ஆவும்.

ஆனா ஒண்ணு முன்கூட்டியே சொல்லிடறேன். உள்ள போனாலும் அங்க ஒண்ணும் கெடையாது. முட்டையும் இல்ல, முட்டை கெடந்த எடமும் இல்ல. அதோ கீழ பச்சையா தண்ணி நிக்குது பாருங்க. அதுக்கு மேல, ரெண்டு பனை ஒசரத்துல, வெறும் ஆகாசத்துல வெரலை நீட்டிக் காட்டினா அதுதான் எடம். அங்க இருந்த மண்ணு எப்பவோ போயிடுச்சு.

சென்னைலேருந்தா? காலேஜுங்களா? சரி சரி. அந்த மேடமும் காலேஜுதான். தமயந்தி மேடம். தெரியுமா உங்களுக்கு? தெரியாதா. பெரிய படிப்பு படிச்சவங்க சார். நல்லவங்கதான். நல்லவங்க இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அவங்க வராம இருந்திருந்தா என் குடும்பம் இப்படி ஆயிருக்காது. அதையும் சொல்லித்தான ஆவணும்.

அந்த முட்டைக்கு நாப்பத்திரண்டு நாள் காவல் இருந்தவன் நான்தான். பேரு பிச்சைப்பிள்ளை. இந்தப் பள்ளம் இருக்கே, இதுக்குள்ளதான் எங்க ஊரு இருந்துச்சு. பிலாக்குடிகாடு. ஆறு வருசத்துக்கு முன்னாடி சிமெண்டு கம்பெனி சுண்ணாம்புக் கல்லு வெட்டணும்னு எங்களையெல்லாம் மெயின் ரோட்டுக்கு அந்தாண்ட புது ஊரு கட்டிக் கொண்டுபோய் வெச்சுது. புது ஊருக்கும் பிலாக்குடிகாடுன்னுதான் பேரு. பேரைத் தூக்கிட்டுப் போக வண்டி வேணுமா என்ன? வூட்டுக்கு ஒருத்தருக்கு வேலைன்னாங்க. எனக்கு இந்தக் காக்கிச் சட்டை கெடைச்சுது. எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க, நானும் போட்டேன். நான் மட்டும் போடாம இருந்தா ஊரு நின்னுருக்குமா? சொல்லுங்க.

போன வருசம் மாசி மாசம் சார். சின்னதுரைன்னு ஒரு பையன், பொக்லைன் ஓட்டறவன். தெக்குப் பக்கம் புதுசா மண்ணு எடுத்துக்கிட்டு இருக்கான். வாளியைத் தூக்கினா தேங்கா மாதிரி ஒண்ணு உருண்டு கீழ விழுந்துச்சு. எறங்கிப் பாத்தா இன்னும் அந்த மாதிரி எட்டு, குழிக்குள்ள ஒண்ணை ஒண்ணு ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. எங்களுக்கு நத்தைக் கல்லு, சங்குக் கல்லெல்லாம் புதுசு இல்ல. ஒரு காலத்துல இங்க கடல் இருந்துச்சாம்ல, கடலை புடுங்கறப்ப வேரோட வரும். பிள்ளைங்க அதை வெச்சுத்தான் விளையாடும். ஆனா இது அப்படி இல்ல. இதுக்கு ஓடு இருந்துச்சு. ஓட்டுல பொடிப்பொடியா புள்ளி. அந்தச் சின்னதுரை பேசாம வாரி, கல்லு ஒடைக்கிற கிரஷர்ல கொட்டியிருக்கலாம். அவன் மகராசன், போட்டோ எடுத்து யாருக்கோ அனுப்பிட்டான். மூணாம் நாளு தமயந்தி மேடம் ஜீப்புல வந்து எறங்கிட்டாங்க. டைனோசர் முட்டைன்னாங்க. ஆறரைக் கோடி வருசத்துக்கும் மேலன்னாங்க.

அரசாங்கத்துலேருந்து உத்தரவு வந்துச்சு. நாப்பத்தஞ்சு நாளைக்கு நூறு மீட்டருக்குள்ள ஒரு வண்டி போகக் கூடாது, வெடி வைக்கக் கூடாது, வெளியாளு உள்ள கால் வைக்கக் கூடாது. சுத்தி மஞ்சக் கயிறு கட்டி, மேல தார்ப்பாய் போட்டு, ஒரு விசிலையும் ஒரு தடியையும் கையில குடுத்து என்னை நிறுத்திட்டாங்க. காலையில ஆறு மணிக்குப் போனா மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும். மேடமும் கூட வந்த நாலு மாணவங்களும் குப்புறப் படுத்துக்கிட்டு பிரஷ்ஷால மண்ணைத் தள்ளிக்கிட்டு இருப்பாங்க. பச்சைப் புள்ளைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி சார். அவ்வளவு பதனம்.

அவங்களுக்குச் சமைச்சுப் போட ஆள் வேணும்னாங்க. எம் பொண்டாட்டியைச் சேத்துவுட்டேன். மருதாம்பா. அதான் நான் செஞ்ச மொதத் தப்புன்னு இப்பத் தோணுது.

மொத நாளு சோத்துக் கூடையைத் தூக்கிக்கிட்டு வந்தா. முட்டையைப் பாக்கணும்னு கயித்துக்கிட்ட வந்து நிக்கிறா. "உள்ள வராத, உத்தரவு"ன்னு தடியைக் குறுக்க நீட்டிட்டேன். வேலைன்னா வேலைதான சார், அதுல பொண்டாட்டி என்னா, யாரு என்னா. மேடம்தான் எந்திரிச்சு வந்து, "வாங்க அக்கா"ன்னு கயித்தைத் தூக்கிப் புடிச்சாங்க. மருதாம்பா குனிஞ்சு உள்ள போனா. கொஞ்ச நேரம் குந்திப் பாத்துக்கிட்டே இருந்தா. "இதெல்லாம் ஏன் மேடம் பொரிக்கல?"ன்னா.

"பொரிக்கிறதுக்குள்ள வெள்ளம் வந்துடுச்சு அக்கா. ஆத்து வெள்ளம். சேத்தைக் கொண்டாந்து மேல மூடிடுச்சு. உள்ள இருந்தது உள்ளயே போயிடுச்சு. பொரிஞ்சிருந்தா ஓடு தூளாகியிருக்கும், நம்ம கைக்குக் கெடைச்சிருக்காது."

"அப்ப தாயி?"

"இட்டு மண்ணைத் தள்ளி மூடிட்டுப் போயிடும்னு நெனைக்கிறோம். ஆமை மாதிரி. திரும்பி வந்து பாக்கறது கெடையாது."

"பாக்காமயா இருந்திருக்கும்?"ன்னா மருதாம்பா. மேடம் சிரிச்சாங்க. இவ சிரிக்கல.

அன்னைலேருந்து தெனம் சோறு போடறப்ப ஒரு கேள்வி. நானும் பத்தடி தள்ளி நின்னுக்கிட்டுக் கேப்பேன். எப்படிக் கல்லாச்சு மேடம்னு ஒரு நாளு கேட்டா. மேடம் சோத்தைப் பெசைஞ்சுக்கிட்டே சொல்றாங்க. "செத்ததெல்லாம் கல்லாகாது அக்கா. லட்சத்துல ஒண்ணு ஆனா பெருசு. விழுந்த உடனே மண்ணு மூடணும். நாயி நரி இழுக்கக் கூடாது, காத்து படக் கூடாது. மேல மேல மண்ணு ஏறிக்கிட்டே இருக்கணும். அப்பறம் மண்ணுக்குள்ள ஊறுற தண்ணி, கரைஞ்ச சுண்ணாம்பைக் கொண்டுபோய் எலும்புல இருக்கிற ஓட்டைக்குள்ள எல்லாம் வெச்சுக்கிட்டே போகும். எலும்பு கொஞ்சங் கொஞ்சமா போயிடும், அந்த எடத்துல கல்லு உக்காந்துடும்."

"மாவடுவுல உப்பு ஏறற மாதிரி"ன்னா இவ.

"அய்யோ, இதை நான் வகுப்புல சொல்லப் போறேன்"னாங்க மேடம்.

இன்னொரு நாளு, அதெல்லாம் ஏன் அழிஞ்சு போச்சுன்னு கேட்டா. வானத்துலேருந்து பெரிய கல்லு விழுந்துச்சுன்னும் சொல்றாங்களாம், வடக்க பூமி பொளந்து நெருப்புக் கொழம்பு லட்சக்கணக்கான வருசம் ஓடுச்சுன்னும் சொல்றாங்களாம். ரெண்டும்தான்னாங்க மேடம். வெயிலு மாறிப் போச்சு, தழை மாறிப் போச்சு. "மாறறது புதுசு இல்ல அக்கா, பூமி எப்பவும் மாறிக்கிட்டுத்தான் இருக்கு. அந்தத் தடவை ரொம்ப வேகமா மாறிடுச்சு. அதுக்கு ஏத்தாப்புல தன்னை மாத்திக்க அதுங்களுக்கு அவகாசம் இல்ல. எலி மாதிரி சின்னச் சின்னது பொந்துக்குள்ள பூந்து தப்பிச்சுது. பெருசெல்லாம் போச்சு."

"எங்களுக்காவது ஆறு மாசம் நோட்டீசு குடுத்தாங்க"ன்னா மருதாம்பா. மேடம் சாப்புடறதை நிறுத்திட்டாங்க. எனக்குச் சங்கடமாப் போச்சு. மேனேஜர் காதுல விழுந்தா என்ன ஆவறது?

இவ்வளவும் பரவாயில்ல சார். அடுத்த வாரம் ஒரு நாளு, பாத்திரம் கழுவிக்கிட்டே சாதாரணமாக் கேட்டா. "பதினெட்டு வருசத்துல கல்லாவுமா மேடம்?"

"எது அக்கா?"

"எம் பொண்ணு."

உங்ககிட்ட சொல்லல இல்ல? எங்களுக்கு ஒரு பொண்ணு இருந்துச்சு. தேன்மொழி. நாலு மாசம். கார்த்திகை மழையில மூச்சு இளைப்பு வந்து ரெண்டே நாளுல போயிடுச்சு. அதுக்கப்பறம் எதுவும் தங்கல. எங்க ஊருல பெரியவங்களுக்குத்தான் சுடுகாடு. சின்னப் பிள்ளைங்களை ஓடையோரமா, புங்க மரத்துக்குக் கீழ பொதைச்சிடுவோம். வடக்குப் பக்கம். அந்த ஓடையும் கம்பெனி குத்தகைக்குள்ளதான் வருது. ஆனா அதைத் தோண்ட இன்னும் ரெண்டு வருசம் ஆவும்னு ஆபீஸ்ல பிளான் மாட்டியிருந்தாங்க. கலர் கலரா கட்டம் போட்டு. நானே பாத்தேன். புது ஊருக்கு வந்த நாளுலேருந்து மருதாம்பா அரிச்சுக்கிட்டே இருந்தா, "பிள்ளையை எடுத்துக்கிட்டு வந்துடணும், அங்க தனியா வுடக் கூடாது"ன்னு. "இன்னும் நாளு இருக்கு, தை கழியட்டும்"பேன். தை கழிஞ்சா ஆடி கழியட்டும்பேன்.

மேடம் அன்னைக்கு என்ன சொல்லியிருக்கணும்? கரைஞ்சு போயிருக்கும் அக்கா, ஒண்ணும் இருக்காதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். அவங்க படிச்ச படிப்பு வுடல. "கல்லாகாது அக்கா. அதுக்குப் பல்லாயிரம் வருசம் வேணும். ஆனா இது சுண்ணாம்பு மண்ணு. எலும்பு கரையாது. இருக்கும்"னுட்டாங்க.

இருக்கும். அந்த ஒத்தை வார்த்தைதான் சார்.

அதுக்கு நாலு நாளைக்கப்பறம் சின்னதுரை என்கிட்ட வந்து, "அண்ணே, திங்கக்கெழமை வண்டிய ஓடைப் பக்கம் எறக்கச் சொல்லிட்டாங்க"ன்னான். ஏன்டான்னேன். "இங்க நீ முட்டைக்குக் காவல் நிக்கிற. கிரஷருக்குத் தீனி வேணும்ல? ரெண்டு வருசம் கழிச்சுத் தோண்டறதை இப்பவே தோண்டறாங்க"ன்னான். மருதாம்பாகிட்ட சொல்லல. சொல்லணும்னு ரெண்டு நாளும் நெனைச்சேன். மூணாவது நாளு மேடம் வாயிலேருந்து வந்துடுச்சு, பாவம், அவங்களுக்குத் தெரியாது. "இங்க நாங்க நிறுத்தினதால ஓடைப் பக்கம் ஆரம்பிக்கிறாங்களாமே"ன்னாங்க.

மருதாம்பா கரண்டியைச் சட்டிக்குள்ளயே வுட்டுட்டா. எந்திரிச்சு நேரா என்கிட்ட வந்தா. கயித்துக்கு அந்தாண்ட அவ, இந்தாண்ட நான்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"சின்னதுரை ஏதோ சொன்னான்."

"எந்த எடம்னு வந்து காட்டுங்க."

"டூட்டில இருக்கேன்டி."

"டூட்டி முடிஞ்சு காட்டுங்க."

இப்ப உங்ககிட்ட சொல்றேன் சார். நீங்க யாரோ, நான் யாரோ, அதனால சொல்றேன். எனக்கு எடம் தெரியாது.

பொதைச்சது நானும் எங்க சித்தப்பாவும். ஊத்துற மழை. சித்தப்பா கொடை புடிச்சாரு, நான் வெட்டினேன். வரிசையா மூணு புங்க மரம். ரெண்டாவது மரத்துலேருந்து ஓடையைப் பாத்து அஞ்சு எட்டு வெச்சா அந்த எடம். அப்படித்தான் ஞாபகம். அப்பறம் ஒரு புயல்ல ஒரு மரம் விழுந்துடுச்சு. மிச்சம் ரெண்டு. இதுல எது அந்த ரெண்டாவது? ஓடையும் கரையைத் தின்னு தின்னு நகந்துடுச்சு. சித்தப்பாவும் போயிட்டாரு. பதினெட்டு வருசத்துல நான் ஒரு தடவை கூட அங்க போகல சார். போகணும்னு கெளம்புவேன், கால் வராது. எங்க பக்கம் பொம்பளைங்க பொதைக்கிற எடத்துக்கு வர்றது கெடையாது, அதனால அவளுக்கும் தெரியாது. கேக்கறப்பல்லாம் "ரெண்டாவது மரம், அஞ்சு எட்டு, தலைமாட்டுல கல்லு நட்டிருக்கேன்"பேன். கல்லு நடல. நட்டிருக்கணும். அந்த மழையில கல்லுக்கு எங்க போவேன்?

பெத்த பிள்ளையைப் பொதைச்ச எடம் மறந்து போச்சுன்னு பெத்தவகிட்ட எப்படிச் சார் சொல்றது? நீங்களா இருந்தா சொல்லுவீங்களா?

மேனேஜரைப் போய்ப் பாத்தேன். கெட்டவரு இல்ல. முழுசாக் கேட்டாரு. "பிச்சைப்பிள்ளை, மேலேருந்து வந்த உத்தரவு. திங்கக்கெழமையைத் தள்ள என்னால முடியாது. ஞாயித்துக்கெழமை வண்டி ஓடாது. மத்தியானம் ஒரு மணி வரைக்கும் எடுத்துக்க. அதுக்கு மேல சர்வேக்காரங்க வந்துடுவாங்க"ன்னாரு. மேடமும் அவருகிட்ட பேசினாங்க, எங்கெங்கயோ போன் போட்டாங்க. திரும்பி வந்து மருதாம்பா கையைப் புடிச்சுக்கிட்டு, "முட்டைக்குச் சட்டம் இருக்கு அக்கா. இதுக்கு எந்தச் சட்டத்துல கேக்கறதுன்னு எனக்குத் தெரியல"ன்னாங்க. அவங்க கண்ணு கலங்கியிருந்துச்சு. என்ன பிரயோஜனம்?

ஞாயித்துக்கெழமை லீவு சொல்லிட்டு மம்பட்டி, கடப்பாரையோட போனோம். போய்ப் பாத்தா மரமே இல்ல சார். சனிக்கெழமையே ரெண்டையும் அடிச்சு ஓரந்தள்ளி, மேலாக்க தரையைச் சீவியும் வுட்டுட்டாங்க. உண்மையைச் சொல்றேன், எனக்கு அதுல ஒரு நிம்மதி. மரம் இருந்து நான் முழிச்சாத்தான தப்பு? மரமே இல்லன்னா எவன் என்னைக் கேக்கறது? "பாத்தியா, அடையாளத்தையே அழிச்சுட்டானுங்க பாவிங்க"ன்னு சத்தம் போட்டேன். மருதாம்பா மம்பட்டியை என்கிட்ட நீட்டி, "நீங்க காட்டுங்க"ன்னா.

ஒரு எடத்தைக் காட்டினேன்.

மூணடி தோண்டினோம். ஒண்ணும் இல்ல. கொஞ்சம் தள்ளித் தோண்டினோம். வேரு, கல்லு, நத்தை ஓடு. வெயிலு ஏறிடுச்சு. நான் வெட்ட வெட்ட அவ கையால மண்ணை அள்ளி, வெரலுக்கு நடுவுல சலிச்சு சலிச்சு வெளிய போடறா. மணி பதினொண்ணு ஆச்சு, பதினொண்ணரை ஆச்சு. மூணாவது குழி வெட்டறப்ப மம்பட்டி முனையில என்னமோ தட்டிச்சு. வேரு மாதிரி. வேரு இல்ல.

நான் அப்படியே உக்காந்துட்டேன் சார். வெறும் ஆகாசத்தைக் காட்டற மாதிரிதான் காட்டினேன். ஆண்டவன் அங்கயே கொண்டாந்து வெச்சிருக்கான். பதினெட்டு வருசமா அழாததையெல்லாம் சேத்து அழுதேன். மருதாம்பா ஓடிப் போய் மேடத்தைக் கூட்டிக்கிட்டு வந்தா. அவங்க குழிக்குள்ள எறங்கி, முட்டைக்குப் படுத்த மாதிரியே குப்புறப் படுத்து, அதே பிரஷ்ஷால தள்ளினாங்க. சின்ன மண்டை ஓடு. வெலா எலும்பு. கீழ்த்தாடை. தாடையில அரிசி மாதிரி வெள்ளையா வரிசையா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. சுண்ணாம்புன்னு நெனைச்சேன். எனக்குக் கண்ணு மறைக்குது, எங்க பாக்கறது?

மேடம் பிரஷ்ஷை நிறுத்திட்டாங்க. "பிள்ளைக்கு எத்தனை மாசம்னு சொன்னீங்க அண்ணா?"

"நாலு மாசம் மேடம்."

மேடம் என்னைப் பாக்கல. நிமிந்து மருதாம்பாவைப் பாத்தாங்க. மருதாம்பாவும் அவங்களைப் பாத்தா. நான்தான் தாங்க மாட்டாம, "பிள்ளைதான மேடம்?"னு கேட்டேன்.

"ஆமா அண்ணா. பிள்ளைதான்"னாங்க.

அவ்வளவு படிச்சவங்க. கோடி வருசத்து எலும்பைப் பாத்து ஆடு எது மாடு எதுன்னு சொல்றவங்க. அவங்களே சொன்னப்பறம் எனக்கென்ன சந்தேகம்? மருதாம்பா புதுச் சேலை ஒண்ணு கொண்டாந்திருந்தா. ஒண்ணு வுடாம பொறுக்கி அதுல வெச்சுக் கட்டி, மார்ல அணைச்சுக்கிட்டா. ஒரு மணிக்கு சர்வேக்காரங்க ஜீப்பு வந்துச்சு. நாங்க கெளம்பிட்டோம். புது ஊரு சுடுகாட்டு வேலியோரமா பொதைச்சு, பால் தெளிச்சு, இந்தத் தடவை ஞாபகமா கல்லு நட்டேன்.

மறுநாளு காலையில நான் இங்க முட்டைக்குப் பக்கத்துல நிக்கிறேன். அந்தாண்ட ஓடையில பொக்லைன் சத்தம் கேக்குது. கேட்டுக்கிட்டே நின்னேன். எனக்கென்ன, எம் பிள்ளையை எடுத்துட்டேனேன்னு இருந்துச்சு.

நாப்பத்திரண்டாவது நாளு முட்டையைத் தூக்கினாங்க. கை ஒடைஞ்சா போடுவாங்களே மாவுக்கட்டு, அந்த மாதிரி சாக்கையும் மாவையும் சுத்தி, பஞ்சு வெச்சு, வைக்கோல் பரப்பின லாரியில ஏத்தினாங்க. பத்து பேரு புடிச்சோம். லாரி மெயின் ரோடு ஏறற வரைக்கும் ஆளு நடக்கற வேகத்துலதான் போச்சு. உத்தரவுல இன்னும் மூணு நாளு பாக்கி. நாலாம் நாளு தெக்குப் பக்கமும் வெடி வெச்சாச்சு. அதான் சொன்னேனே, எடமே இல்ல.

அதுக்கப்பறம் மருதாம்பா என்கூடப் பேசறதைக் கொறைச்சுட்டா. சோறு போடுவா. உப்பு பத்தலன்னா எடுத்து வெப்பா. அவ்வளவுதான். எனக்குக் கோவம் சார். என்னா கொறை வெச்சேன்? கேட்டா, எடுத்துக் குடுத்தேன். வெயில்ல நின்னு வெட்டினேன். வெள்ளிக்கெழமை தவறாம, பொம்பளை வரக் கூடாதுங்கற வழக்கத்தையும் பாக்காம, அந்தக் கல்லுக்கிட்ட போயிடுவா. என்னைக் கூப்புட மாட்டா. போன மாசம் ஒரு வெள்ளிக்கெழமை நானே பின்னாடி போனேன். போய்ப் பாத்தா, கல்லு முன்னாடி ஒரு காயிதத்தை விரிச்சு முறுக்கை ஒடைச்சு வெச்சுக்கிட்டு இருக்கா. ரெண்டு கடலை உருண்டையும் இருக்கு.

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "நாலு மாசப் பிள்ளைக்கு முறுக்கு எதுக்குடி? பாலை வெய்யி"ன்னேன்.

திரும்பிக்கூடப் பாக்கல. முறுக்கை ஒடைச்சுக்கிட்டே, "பல்லு இருக்குல்ல"ன்னா.

எனக்குப் புரியல. என்னா பல்லுன்னேன்.

"தாடையில முழுப்பல்லும் இருந்துச்சு. நாலு மாசத்துல எந்தப் பிள்ளைக்குப் பல்லு மொளைக்குது? அது மூணு வயசுப் பிள்ளை. நடந்திருக்கும். பேச்செல்லாம் வந்திருக்கும்."

காலுக்குக் கீழ ஒண்ணும் இல்லாத மாதிரி இருந்துச்சு. "உனக்கு எப்பத் தெரியும்?"னேன்.

"மேடம் தொடைச்சப்பவே."

"அப்பவே ஏன்டி சொல்லல? வேற எடம் தோண்டியிருக்கலாம்ல?"

அப்பத்தான் நிமிந்து பாத்தா. "உங்களுக்கு எடம் தெரியாதுன்னு மொதக் குழியிலயே தெரிஞ்சு போச்சு. மணி பன்னண்டரை. ஒரு மணிக்கு ஜீப்பு வந்துடும். கையில கெடைச்சதையும் அங்கயே வுட்டுட்டு வரச் சொல்றீங்களா?"

அதுக்கு நான் என்ன சொல்லட்டும்? நீங்க படிச்சவங்க, நீங்க சொல்லுங்க.

தேன்மொழி அங்கதான் இருந்திருப்பா. எந்தப் பக்கம்னு தெரியல. மேல் மண்ணு கிரஷருக்குப் போகாது சார், சுண்ணாம்புக் கல்லுதான் போகும். மேல் மண்ணைத் தனியாக் கொட்டுவாங்க. அதோ, மலை மாதிரி தெரியுதே, மேல கருவேலங்கன்னு வெச்சிருக்காங்களே, அதுதான். அதுக்குள்ள எங்கயோ. இந்த கேட்டுல உக்காந்தா அது ஒண்ணுதான் கண்ணுக்குத் தெரியுது. வேற பக்கம் சேரைப் போட்டா வெயில் அடிக்குது.

புது ஊருல வூடு வூடாப் போய் விசாரிச்சேன். மூணு வயசுப் பிள்ளையை ஓடையோரம் பொதைச்சவங்க யாருன்னு. அந்தக் காலத்துல அம்மை, வயித்துப்போக்குன்னு எத்தனையோ போயிருக்கு. யாருக்கும் நெனைப்பு இல்ல. நெனைப்பு இருக்கறவங்க உசுரோட இல்ல. யாரும் எங்களுதுன்னு வரல.

மருதாம்பா இப்பக் கொஞ்சம் பேசறா. போன வாரம் என்னையும் கூட்டிக்கிட்டுப் போனா. கல்லுக்கிட்ட உக்காந்து, "எத்தனை நாளைக்கு அது இதுன்னு கூப்புடறது? ஒரு பேரு சொல்லுங்க"ன்னா. தேன்மொழின்னே கூப்புடேன்னேன். "அது அவ பேரு"ன்னுட்டா.

மேடத்துக்குப் போன் பண்ணினேன். மொதல்ல மன்னிச்சுடுங்கன்னாங்க. "அன்னைக்கு அக்கா கண்ணைப் பாத்தேன் அண்ணா, அதுக்கு மேல எனக்கு வாய் வரல"ன்னாங்க. அதை வுடுங்க மேடம், ஆணா பொண்ணான்னு மட்டும் சொல்லுங்கன்னேன். அந்த வயசுல எலும்பை வெச்சு நிச்சயமாச் சொல்ல முடியாதாம் சார். இடுப்பெலும்பு பெருசாகி வந்தாத்தான் வித்தியாசம் தெரியுமாம்.

நானும் ஒரு வாரமா யோசிக்கிறேன். ஒண்ணும் தோண மாட்டேங்குது. இன்னைக்கு வியாழக்கெழமை, நாளைக்குப் போகணும். அவ கேப்பா. நீங்க காலேஜுல நூறு பிள்ளைங்க பேரைத் தெனம் வாசிக்கிறவரு. ஆம்பளைப் பிள்ளைக்கும் சரி, பொட்டப் பிள்ளைக்கும் சரி, ரெண்டுக்கும் பொருந்தற மாதிரி ஒரு பேரு இருந்தா சொல்லுங்களேன் சார்.